சாலை மறியலும் திறக்காத படமும்

என் பழைய கேமராவின் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. கல்வராயன் மலையில் ஒரு வாரம் விடாமல் சாரல் அடித்தபோது, கரியாலூர் பக்கம் சாமைக் காட்டு மேல் மேகம் இறங்குவதைப் படமெடுத்துவிட்டு வந்தேன். ஈரப் பையை அப்படியே பீரோவில் வைத்தேன். பிறகு திறந்து பார்த்தபோது கண்ணாடிக்குள் மெல்லிய வெள்ளை நூல் நூலாக ஓடியிருந்தது. கள்ளக்குறிச்சியில் எங்களுக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இதைக் கழற்றித் துடைக்கிற நேரத்தில் வேறு வாங்கிவிடலாம் என்றார். கேமராவின் ஷட்டரும் போகிற நிலையில் இருந்ததால் எனக்கும் அதுவே சரியென்று பட்டது. எல்லாத் தொல்லையும் அங்கேதான் தொடங்கியது.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தது. பாடமெல்லாம் லேப்டாப் வழியாக நடந்தது. மீதி நேரத்தில் புதுக் கேமரா பற்றி யோசிக்க முடிந்தது. எனக்கு வேண்டியது கொஞ்சம்தான். மலையின் பனிமூட்டம், கோமுகி அணையில் வந்திறங்கும் கொக்குகள், மரவள்ளிக் காட்டில் வேலை செய்கிறவர்கள். இதை யாரிடம் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டு முடித்ததும் தங்களுக்குப் பிடித்த கேமராவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

ஸ்டுடியோக்காரர் தான் வைத்திருக்கிற கம்பெனிக் கேமராவையே வாங்கச் சொன்னார். அவர் எடுப்பது கல்யாணம், காதுகுத்து. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் தம்பி, லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி வைத்த பழைய மாடல் கேமராவெல்லாம் செத்துவிட்டது என்று தினமும் போனில் சொன்னான். ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் ஏழெட்டு வீடியோ அனுப்புவான். எல்லாவற்றிலும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் செங்கல் சுவரைப் படமெடுத்து, அதைப் பெரிதாக்கிக் காட்டி வருத்தப்படுவார். என் கணவர் சர்க்கரை ஆலை வேலை முடிந்து வந்து, கைபேசியிலேயே எல்லாம் நன்றாக விழுகிறதே என்பார். சொல்லிவிட்டு நான் சமைத்த குழம்பைப் படமெடுத்துக் காட்டுவார். குழம்பு என்னவோ நன்றாகத்தான் விழுந்திருக்கும்.

கடைசியில் தம்பி ஜெயித்தான். சேலத்தில் ஒருவர் கொஞ்ச நாள் மட்டும் வைத்திருந்த புது மாடல் கேமரா விலைக்கு வந்தது. அதை அவனே பேசி முடித்துக் கூரியரில் அனுப்ப வைத்தான். லென்ஸ் தனியாக வாங்க வேண்டும். பூஞ்சை பிடிக்காமல் தப்பிய பழைய நீள லென்ஸ் ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டையும் இணைக்கிற அடாப்டர் ஒன்றைப் போட்டு அதையே மாட்டிக்கொள்ளலாம் என்றான். அடாப்டர் வந்தது, மாட்டினேன், பொருந்தியது. ஆனால் கேமரா தானாக ஃபோகஸ் செய்யவில்லை. லென்ஸின் வளையத்தைக் கையால் திருகித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"கையால ஃபோகஸ் பண்றதுதான்க்கா உண்மையான போட்டோகிராஃபி," என்றான் தம்பி.

கொக்குக்கு அது தெரியாது. நான் திருகி முடிப்பதற்குள் பறந்துவிடும்.

கேமராவை ரா ஃபைலில் மட்டுமே எடுக்கும்படி அமைக்கச் சொன்னதும் அவன்தான். சாதாரணமாக எடுத்தால் கேமராவே படத்தைச் சுருக்கிக் கொடுத்துவிடும், ராவில் எடுத்தால் ஒளி விழுந்தது விழுந்தபடி முழுசாக இருக்கும், பிறகு கம்ப்யூட்டரில் நம் விருப்பப்படி பதப்படுத்தலாம். ஆசையாகத்தான் இருந்தது. எடுத்துவந்து லேப்டாப்பில் போட்டேன். திறக்கவில்லை. என் மென்பொருள் இந்தக் கேமரா வருவதற்கு முந்தையது. புதிய மென்பொருளை ஏற்றப் போனால் லேப்டாப்பின் நினைவகம் போதாது என்றது. நினைவகத்தைக் கூட்டலாமென்று கடைக்கு எடுத்துப் போனால், இந்த மாடலில் மதர்போர்டோடு ஒட்டியே வருகிறது, கூட்ட முடியாது என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

சரி, புது லேப்டாப் வாங்கலாம் என்றால் ஊரில் லேப்டாப்பே இல்லை. ஆன்லைன் வகுப்புக்காக எல்லார் வீட்டிலும் வாங்கியிருந்தார்கள். கடைக்காரரிடம் மீதமிருந்தது, விசைகளுக்கடியில் சிவப்பும் பச்சையுமாக விளக்கெரியும் ஒன்று. விளையாடுகிறவர்களுக்கானது. இதில் வண்ணம் சரியாகத் தெரியுமா என்று கேட்டேன். "எல்லாக் கலரும் எரியுங்க மேடம்," என்றார். பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்தித் தரும்படி அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன். பெட்டி வந்தது. பிராசஸர் வரவில்லை. பிராசஸர் வந்தபோது மதர்போர்டு பொருந்தவில்லை. போன் செய்யும்போதெல்லாம் சென்னையிலிருந்து லோடு கிளம்பிவிட்டது என்றார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த சமயம் அது. தாலுக்கா ஆபீஸ்களில் மனுவோடு கூட்டம் கூட்டமாக நின்றார்கள். இன்று மறியல், நாளை ஊர்வலம் என்று பஸ் எப்போது ஓடும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. என் கணவரின் சித்தப்பா, எனக்குச் சின்ன மாமனார், அதில் தீவிரமாக இருந்தார். கரும்பு வைத்திருக்கிறவர். பேத்தியின் மேற்படிப்பு இதில் மாட்டியிருக்கிறது என்று அவர் சொல்லும்போது குரல் உடையும். அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நானும் கணவரும் பைக்கில் மலைக்குப் போய்ப் பனிமூட்டத்தைப் படமெடுத்துவிட்டு இறங்கினோம். கச்சிராயபாளையம் தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றன. மறியல். நடு ரோட்டில் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் சின்ன மாமனார். என் தோளில் தொங்கிய பையைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"கேமரா கொண்டாந்துகினியா? நல்லதாப் போச்சி. எல்லாரும் தெரியற மாதிரி ஒண்ணு எடும்மா. பேனர் போடணும்," என்றார்.

ஓர் இளைஞன் என் பையைப் பிடித்துக்கொண்டு யார் நீங்கள், போலீஸ் அனுப்பியதா என்று கேட்டான். எங்கள் வீட்டு மருமகள் என்று சின்ன மாமனார் அவன் கையை எடுத்துவிட்டார். பிறகு ஓரமாக நின்ற டிராக்டரின் காலி டிரெய்லரில் என்னை ஏற்றிவிட்டார். கூட்டத்துக்குப் பின்னால் இன்னொரு டிராக்டர், கரும்பு ஏற்றியபடி நின்றது. அதற்கும் பின்னால் பஸ்.

நீள லென்ஸ், கையால் ஃபோகஸ், முகத்தில் மாஸ்க். மூச்சுக்காற்று மேலே ஏறி என் மூக்குக்கண்ணாடியை மூடியது. துடைத்தால் மறுபடி மூடியது. மாஸ்க்கை இறக்கினால் கீழே இருந்த ஒரு பெண், மூக்கை மூடுங்க டீச்சர் என்றாள். வளையத்தைத் திருகித் திருகி, சரியாக இருப்பதாகத் தோன்றிய இடத்தில் நிறுத்தி அழுத்தினேன். நான் எடுத்துக்கொண்டிருந்தபோதே பஸ் பக்கம் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. யார், எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டம் எழுந்தது. கணவர் என்னை டிரெய்லரிலிருந்து இறக்கி, வயல் வரப்பு வழியாகவே பைக்கை ஓட்டி வீடு கொண்டுவந்து சேர்த்தார்.

மறுநாள் சின்ன மாமனார் படம் கேட்டு வந்தார். அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, பஸ் கண்ணாடி உடைந்ததை விசாரிக்க சப்-இன்ஸ்பெக்டரும் வந்தார். இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார வேண்டியதாயிற்று. மேடம் வண்டி மேல் ஏறிப் படமெடுத்ததைப் பஸ் டிரைவர் பார்த்திருக்கிறார் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். முகங்கள் தெளிவாக வேண்டும் என்றார். சின்ன மாமனாரும் அதையேதான் கேட்டிருந்தார்.

நான் கேமராவின் பின்பக்கத் திரையில் காட்டினேன். முகமெல்லாம் கடுகு கடுகாக இருக்கிறதே, படத்தைக் காப்பி எடுத்துக் கொடுங்கள் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். இரண்டு பென் டிரைவில் போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். ராவாக இருக்கிறது, உங்கள் கம்ப்யூட்டரில் திறக்காது என்று சொல்லித்தான் கொடுத்தேன். இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கவில்லை.

ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. பேனர் கடையிலும் திறக்கவில்லை. ஸ்டுடியோக்காரரிடம் போனால், அவருடைய மென்பொருளுக்கு என் கேமரா பிறந்ததே தெரியவில்லை. தம்பிக்கு அனுப்பி மாற்றி வாங்கலாமென்றால், சாட்சியத்தை வெளியூருக்கு அனுப்பக்கூடாது என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பேனர் கட்டும் முன்பே ஊர் பூரா பரவிவிடும் என்று சின்ன மாமனாரும் தடுத்தார். அவர்கள் ஒத்துப்போன இரண்டாவது விஷயம் அது.

ரா ஃபைல் என்றால் என்ன என்பதை சப்-இன்ஸ்பெக்டருக்குப் பாடம் நடத்துவது போல விளக்கினேன். பச்சை அரிசி மாதிரி சார், அப்படியே சாப்பிட முடியாது, வேக வைக்க வேண்டும் என்றேன்.

"அப்ப வேக வச்சிக் கொண்டாங்க மேடம். யார் வேணாம்னது," என்றார்.

சின்ன மாமனார் இன்னும் மோசம். போலீசுக்குப் பயந்துகொண்டு நான் மறைப்பதாக நினைத்தார்.

"நம்ம வூட்டுப் பொண்ணுன்னுதான வண்டி மேல ஏத்தினேன். தொறக்கல தொறக்கலன்னா, போட்டோவுக்கு இன்னா பூட்டா போட்டு வச்சிக்கிற?"

அந்த வாரம் முழுக்க நான் கம்ப்யூட்டர் கடைக்கு அலைந்தேன். எரிச்சலோடு ஒரு பயமும் உள்ளே இருந்தது. படத்தில் யாருடைய முகமாவது, யாருடைய கையாவது தெளிவாக விழுந்திருந்தால்? என் படத்தைப் பார்த்து ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் அப்புறம் அந்தப் பக்கம் நான் எப்படிப் போவேன்? அழித்துவிடு என்று கணவர் ஒருமுறை சொன்னார். ஏற்கனவே ஆளுக்கொரு பென் டிரைவ் கொடுத்தாயிற்றே, இனி எதை அழிப்பது என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

ஒருவழியாக மதர்போர்டு வந்தது. கடையிலேயே பொருத்தி, மென்பொருளை ஏற்றிவிட்டு எனக்குப் போன் செய்தார் கடைக்காரர். நான் போய்ச் சேரும் முன்பே சப்-இன்ஸ்பெக்டர் அங்கே இருந்தார். எப்படித் தெரிந்ததோ, சின்ன மாமனாரும் துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டார். என் நாற்காலிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். வாங்கிய கம்ப்யூட்டரைக் கண்ணாரப் பார்க்கக்கூட எனக்கு இடமில்லை.

படம் விரிந்தது. முதலில் கட்டம் கட்டமாக, பிறகு மெல்லத் தெளிந்தது. மானிட்டரில் வானம் பற்பசை நிறத்தில் இருந்தது. அது கிடக்கட்டும் என்று பெரிதாக்கினேன்.

கரும்பு தெரிந்தது. பின்னால் நின்ற டிராக்டரில் அடுக்கியிருந்த ஒவ்வொரு கரும்பும், அதன் கணுவும், காய்ந்த தோகையின் விளிம்பும் அவ்வளவு கூர்மை. அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை மனிதர்களும் மங்கிப்போய், நனைந்த துணியில் சாயம் இறங்கியது போல இருந்தார்கள். சின்ன மாமனார் வெள்ளையாக ஒரு கசிவு. அடுத்தடுத்த படங்களிலும் அப்படியே. நான் ஃபோகஸை நிறுத்திய இடம் கரும்பின் மேல்.

ஒரு படத்தில் மட்டும் ஓரமாக ஒரு கை உயர்ந்திருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து, இது என்ன மேடம் என்றார். தெரியவில்லை சார் என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. கல்லாக இருக்கலாம், வியர்வை துடைக்கிற துண்டாக இருக்கலாம், சும்மா கோஷம் போட உயர்த்திய கையாகவும் இருக்கலாம். இன்னும் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். பழுப்பாக நாலு கட்டம் வந்தது.

கம்ப்யூட்டர் நல்ல ஸ்பீடு என்றார் கடைக்காரர்.

"இவ்ளோ பெரிய கேமராவ வச்சிக்கினு கரும்பை எடுத்துக்கினு வந்துகிறீங்களே மேடம்," என்று சொல்லிவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

சின்ன மாமனார் போகவில்லை. திரையில் தன்னைத் தேடிக்கொண்டிருந்தார். "இதுல நான் எங்கம்மா இருக்கிறேன்?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்தார். அவர் எதற்காக அன்று வெயிலில் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அதற்கு அடையாளமாக அவருக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. ஒரு பக்கம், யாரும் மாட்டவில்லை என்று மூச்சு விட்டேன். இன்னொரு பக்கம், கண்ணெதிரே நடந்த ஒன்றை ஒழுங்காக எடுக்கத் தெரியாமல் போனது வெட்கமாக இருந்தது. இவ்வளவு பேரிடம் யோசனை கேட்டு வாங்கிய கேமரா அது.

பஸ் கண்ணாடி விவகாரம் தானாக அடங்கிப்போனது. அதற்காக யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. யாரோ ஒரு பையன் கைபேசியில் எடுத்த படத்தை வைத்துப் பேனர் அடித்தார்கள். அதில் சின்ன மாமனார் கைகூப்பியபடி பளிச்சென்று இருந்தார். பஸ் ஸ்டாண்டு அருகே அதைக் கட்டியபோது என் கணவர் வண்டியை நிறுத்தி, அதைத் தன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். நான் பார்க்காதது போல நின்றேன்.

அடாப்டரை விற்கப் பார்த்தேன், யாரும் வாங்கவில்லை. கேமராவோடு சேர்கிற சின்ன லென்ஸ் ஒன்றை யாரிடமும் கேட்காமல் வாங்கினேன். ராவோடு சாதாரணப் படமும் சேர்ந்து விழும்படி மாற்றிவைத்தேன். மானிட்டரில் மலை இன்னும் பற்பசை நிறத்தில்தான் தெரிகிறது. அதைச் சரிசெய்ய ஒரு கருவி இருக்கிறது என்று தம்பி சொன்னான். போனை வைத்துவிட்டேன்.

மூத்த பேத்திக்கு வளைகாப்பு வந்தபோது சின்ன மாமனார் பத்திரிகை வைக்க வந்தார். வெகுநாள் கழித்து நன்றாகப் பேசினார், சாப்பிட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று, படமெடுக்க ஸ்டுடியோவில் சொல்லியாகிவிட்டது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ வாம்மா, சும்மா வந்து உக்காரு. அந்தப் பெரிய கேமராவ மட்டும் தூக்கிக்கினு வராத," என்றார்.