மாற்றி எடுத்த வாக்குத்தத்த அட்டை

புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டைகளை எவர்சில்வர் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் உள்ள வசனம்தான் அந்த வருடம் முழுக்க நமக்கு ஆண்டவர் தரும் வாக்கு. எனக்கு முன்னால் நின்றவருக்குச் சமாதானம் வந்தது, பின்னால் நின்றவருக்கு ஆசீர்வாதம். எனக்கோ, கர்த்தர் நீதியுள்ள நியாயாதிபதி என்று வந்தது.

என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா? ப்ரமோஷன் குடுக்காம ஏமாத்துனாங்கல்ல, இந்த வருஷம் கர்த்தரே நியாயம் செய்வாரு" என்றாள். நான் அட்டையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

பெங்களூர் ஹெப்பகோடியில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன் நான். மணிக்கு ஒருமுறை மெஷின் மெஷினாகப் போய் பீஸை அளந்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டிசம்பரில் ஒருநாள், கேரல் பாட்டுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டதென்று, அளக்காமலே முந்தைய மணியின் அளவை எழுதிக் கையெழுத்திட்டுக் கிளம்பிவிட்டேன். மெஷினின் செட்டிங் மாறியிருந்ததால், அதற்குப் பிறகு ஓடிய பீஸ் எல்லாம் அளவு தப்பி வீணாகிவிட்டது. மெஷினை ஓட்டியவள் ஆனேக்கல்லிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி.

"சார் அளக்க வரவே இல்ல" என்று என் முன்னால் நின்று அழுதாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். "அளந்தேன் சார், சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். அப்படியானால் நான் போன பிறகு அவள்தான் செட்டிங்கைக் கலைத்திருக்க வேண்டும் என்று முடிவாகி, மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள். போகும்போது என்னிடம், "பரவால்ல சார், மேல இருக்கறவன் பாத்துக்குவான்" என்றாள்.

பார்த்துவிட்டார் போலிருக்கிறது, அதான் அந்த அட்டை. புத்தாண்டுக்கு அடுத்த ஞாயிறு, சபையில் எடுபிடி வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் போய், "அட்ட தொலஞ்சிடுச்சுண்ணே" என்று புளுகி, மிச்சமிருந்ததில் வேறொன்று எடுத்தேன். சமாதானம் வந்தது. பர்ஸில் வைத்துக்கொண்டேன். நியாயாதிபதியிடமிருந்து தப்பிக்க அவர் வீட்டுக்கே போய்ப் பொய் சொன்ன ஆள் இந்தப் பெங்களூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பழைய அட்டையை மனைவி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். தினமும் குடும்ப ஜெபத்தில், "எங்களுக்கு அநியாயம் செஞ்சவங்கள நியாயந்தீருங்கப்பா" என்பாள். நான் ஆமென் சொல்வேன். சோறு இறங்கவில்லை, பாடகர் குழுவில் பாடினால் சுருதி நிற்கவில்லை. அவள் ஜெபிக்க ஜெபிக்க எனக்குப் பயம் ஏறியது. ஒரு சனிக்கிழமை ஆமென் வரவேயில்லை.

"என்னாச்சு?" என்றாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

முழங்காலிலிருந்து எழுந்தாள். "மொதல்ல மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வாங்க. அப்புறம் ஜெபம் பண்ணலாம்."

திங்கட்கிழமை சொன்னேன். எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். "அவங்கள திரும்பக் கூப்பிடுவீங்களா சார்?" என்று கேட்டேன். "அது அப்புறம். மொதல்ல உங்களை என்ன பண்றதுன்னு பாக்கணும்" என்றார்.

வெளியே வந்து அந்த ஆனேக்கல் பெண்ணுக்கு போன் செய்தேன். "உண்மைய சொல்லிட்டேம்மா" என்றேன். அந்தப் பக்கம் வேறு ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"நான் உங்க முன்னாடி நின்னு அழுதப்ப சொல்லியிருக்கலாமே சார்" என்றாள். வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு, பர்ஸிலிருந்த சமாதானத்தைக் கோயில்பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஃபிரிட்ஜில் இருப்பது அங்கேயேதான் இருக்கிறது.