இலங்கையா இந்தியாவா: ஒரு பியூரெட் வழக்கு

மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதிகம் செலவழிப்பது இலங்கை அரசா, இந்திய அரசா? பெற்றோர் ஆசிரியர் கழக ஆண்டு விழாப் பட்டிமன்றத்துக்கு இப்படி ஒரு தலைப்பை எந்தப் புண்ணியவான் யோசித்தானோ, அவனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் பள்ளிக்குப் பிளஸ் டூ வந்த புதிது. நர்ஸ் ஆக வேண்டும் என்று என் மகள் அறிவியல் பிரிவில் சேர்ந்திருந்தாள். வகுப்பு வந்துவிட்டது, ஆய்வுக்கூடம் வரவில்லை. வேதியியல் ஆசிரியர், அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து இறக்கும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைக் கரும்பலகையில் படமாக வரைவார். பிள்ளைகள் காற்றில் விரலைத் திருகி அதைத் திறக்க வேண்டும். மாதக்கணக்காக என் மகள் காற்றைத்தான் திருகிக்கொண்டிருந்தாள். செய்முறைத் தேர்வில் நிஜப் பியூரெட் வந்து நிற்குமே! ஆய்வுக்கூடத்துக்குப் பரிந்துரைக்க வேண்டிய கல்வி அதிகாரிதான் விழாவுக்குச் சிறப்பு விருந்தினர்.

பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டே ஆட்களைச் சிரிக்க வைப்பவன் என்பதால் என்னையும் பேச்சாளராகப் போட்டுவிட்டார்கள். அதுவும் இந்தியா அணிக்கு.

"அண்ணாச்சி, அதிகாரி மனசு குளிரப் பேசணும். நம்ம அரசாங்கத்த விட்டுக் குடுத்துராதீய," என்றார் தலைமையாசிரியர்.

இலங்கைக்காகப் பேசியவர் கொழும்பில் பிறந்து படித்து, அங்கே இருக்க முடியாமல் குடும்பத்தோடு வந்து தையல் கடை வைத்திருந்தவர். "எங்க பள்ளிக்கூடத்துல ஆளுக்கொரு பியூரெட்டு. உடைச்சா மாஸ்டர் ஏசுவார்; மறுநாள் வேற குடுப்பார். யுனிவர்சிட்டி வரைக்கும் படிப்புக்குச் சம்பளம் கட்ட வேண்டியதில்ல. அந்த நாடு என்னைய அடிச்சு விரட்டிச்சு. அதுக்காக அது குடுத்த பியூரெட்ட இல்லன்னு சொல்ல முடியுமா?"

அடுத்து என் முறை. மைக் என்று நினைத்துச் சோடாப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வணக்கம் சொன்னேன். கூட்டம் சிரித்தது. வேண்டுமென்றே செய்ததாக நினைத்தார்கள், நானும் மறுக்கவில்லை.

"நம்ம அரசாங்கம் செலவு பண்ணலன்னு எவம்வே சொன்னது? எம்புட்டு சாக்பீஸ் தெரியுமா? இலங்கக்காரன் பியூரெட்டு கீழ விழுந்தா உடையும். நம்ம பியூரெட்டு உடையுமா? டஸ்டர வச்சு அழிச்சாத்தான் உண்டு!"

அதிகாரி தொடையைத் தட்டிச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறான் இந்த மனுஷன்? என் பிள்ளையின் படிப்பை நினைத்தா? பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மேடையோரம் இருந்த கரும்பலகையைக் கைகாட்டினேன்.

"ஐயா, சிரிக்காதீய. இந்தா போர்டு இருக்கு. நீங்களே வந்து ஒரு சொட்டு ஆசிட்ட எறக்கிக் காட்டுங்க. எறக்கிட்டியன்னா நான் கடைய மூடிட்டு ஊரவிட்டே போயிருதேன்!"

தொண்டை கிழியக் கத்தினேன். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. அதிகாரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்துச் சிரித்து.

நடுவராக இருந்த தமிழாசிரியர், எல்லாப் பட்டிமன்றத்திலும் சொல்லும் தீர்ப்பையே சொன்னார்: இரண்டு நாடும் இரண்டு கண்கள், செலவு பெரிதல்ல, படிக்கிற மனம்தான் பெரிது. மனமாம்! அமிலத்தை அதிலா ஊற்றி அளப்பது? விரட்டிய நாடுகூடப் படிக்க வைத்துத்தான் விரட்டியிருக்கிறது.

ஜீப்பை நோக்கி ஓடினேன். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது.

"ஐயா, நான் தமாசுக்குச் சொல்லல. லேபு வேணும்யா. பிள்ளைக பெயிலாப் போவும்யா."

"பாத்தீங்களா, ஜீப்பு வரைக்கும் விட மாட்டேங்காரே!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி, அதிகாரி மறுபடி சிரித்தார். ஒற்றைச் செருப்போடு நின்றவனைப் பார்த்து டிரைவரும் சிரித்தான். ஜீப் போய்விட்டது.

மகள் என் மற்ற செருப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். "யப்பா, நான் காமர்ஸ் குரூப்புக்கு மாறிக்கிடுதேன். சார்ட்ட நானே கேட்டுக்கிடுதேன். நீங்க வந்து பேசாண்டாம்."

மறுநாள் காலை கடைக்கு வந்தவர்கள் எல்லாம், "அண்ணாச்சி, நேத்து சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு" என்றார்கள். அதே நேரத்தில் என் மகள் காமர்ஸ் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்துகொண்டிருந்தாள்.