கிணற்றுத் தண்ணீரில் கழுவிய வானம்

பால்மா ரின்னின் மூடியை மச்சாள் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தபோது நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கிளாலியில் கடலேரியைக் கடக்க வள்ளம் ஏறி, நனையாமல் கொண்டுவந்து சேர்த்த ரின் அது. ஜேர்மனியிலிருந்து என் கணவர் அனுப்பியது. என்னை அங்கே எடுப்பிக்கும் ஸ்பொன்சர் கடிதம் இருக்கும் என்று நினைத்தேன். மாவுக்குள் கையை விட்டு மச்சாள் எடுத்தது ஒரு குழந்தைப்பிள்ளைச் சப்பாத்துறை, கம்பளிக் காலுறை. எங்கள் வீட்டில் அப்போது குழந்தை இல்லை. தகப்பன் ஜேர்மனியிலும் தாய் யாழ்ப்பாணத்து உடுவிலிலும் இருந்தால் குழந்தை எங்கிருந்து வரும்? சப்பாத்துறைக்குள் வட்டமான ஒரு கண்ணாடி இருந்தது. பார்வைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி போல மினுங்கியது. சூரியனுக்கு நேரே பிடித்தால் மட்டும் கடும் சிவப்பாகத் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிணற்றுக்குள் எறிந்திருப்பேன்.

மச்சாள் என்று நான் சொல்வது என் கணவரின் தங்கையை. அவளுக்கும் நான் மச்சாள்தான். எங்கள் பக்கத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவோம். மருதனார்மடச் சந்தியில் மாமா, அவளின் தகப்பன், நடத்திய ஸ்ரூடியோவை அவர் காலமான பிறகு அவள் எடுத்து நடத்தினாள். பொம்பிளைப்பிள்ளை படம் பிடித்தால் முகம் கலங்கும் என்று சொன்னவர்களும் ஊரில் இருந்தார்கள். சொன்னவர்களே பிறகு குடாநாட்டைவிட்டு வெளியே போகப் பாஸ் எடுக்கப் படம் தேவைப்பட்டு வந்து வாசலில் நின்றார்கள். மின்சாரம் நின்று மூன்றாவது வருடம் அது. பிலிமும் பற்றரியும் அரசாங்கம் தடைசெய்த பொருட்கள். மச்சாள் ஸ்ரூடியோவின் மேற்குச் சுவரில் ஒரு துவாரம் இட்டு, வெளியே முகக்கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து, வெயிலைத் திருப்பி என்லாஜருக்குள் விட்டுப் படம் பெருப்பித்தாள். முகில் வந்தால் வேலை நிற்கும். முகிலுக்கு அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

கண்ணாடியோடு வந்த கடிதத்தில் கணவர் என்னைப் பற்றி நாலு வரியும் வானத்தைப் பற்றி நாலு பக்கமும் எழுதியிருந்தார். படிக்கும் காலத்திலிருந்தே அவருக்கு நட்சத்திரப் பைத்தியம். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பு வேலையை விட்டு ஓடிவந்து, என்னைக் கட்டி, ஆறாம் மாதம் ஜேர்மனிக்குப் போனவர். அவர் இருக்கும் நகரத்தில் வெளிச்சம் கூடி, இரவிலும் வானம் சாம்பல் நிறமாம். 'உங்களுக்குக் கரண்ட் இல்லாதபடியால் உலகத்திலேயே நல்ல வானம் உங்களுக்கு மேலே இருக்கிறது' என்று எழுதியிருந்தார். வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வானத்தில் வாயு முகில்கள் இருக்கின்றன, நெபுலா என்று பெயர், அவை ஒளிரும் ஒரேயொரு சிவப்பை மாத்திரம் இந்தக் கண்ணாடி விடும், மற்ற நிறமெல்லாவற்றையும் மறித்துவிடும் என்று விளக்கியிருந்தார். திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கிழக்கே, வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத ஓரிடத்தில் ஒரு நெபுலா இருக்கிறது. அதன் உருவத்தைச் சொல்லமாட்டேன், சொன்னால் உங்கள் கண் அதைத்தான் தேடிப் பிடிக்கும், நீங்களாகக் கண்டு எனக்குச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தார்.

மச்சாள் அன்றே தச்சரிடம் போனாள். கடிதத்தில் இருந்த படத்தின்படி இரண்டு பலகையை ஒரு பிணைச்சலில் பூட்டி, நடுவில் ஒரு திருகாணி வைத்துக் கொடுத்தார் தச்சர். பிணைச்சல் துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். எங்களுக்குத் துருவம் பக்கத்துக் காணிப் பனையின் இடுப்பளவில்தான் நிற்கும். தை மாதம், நிலவில்லாத ஒரு மாலை, வீட்டுக்குப் பின்னால் வெங்காயத் தோட்டத்தில் அதை வைத்து, மேற்பலகையில் கமராவையும் அதன் முன்னால் சிவப்புக் கண்ணாடியையும் பூட்டினோம். நட்சத்திரங்களோடு கமராவும் சேர்ந்து நகரும்படி கால் நிமிடத்துக்கு ஒருதரம் திருகாணியைக் கால் சுற்று திருப்ப வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற எனக்கு அந்த வேலை. நாற்பது நிமிடம் எண்ணியெண்ணித் திருப்பினேன். பலாலி முகாம் பக்கம் ஆமிக்காரர் வானத்துக்கு விடும் பரா லைற் எழும்பினால் மச்சாள் கறுப்புத் துணியால் கமராவை மூடுவாள், அது அணைந்ததும் எடுப்பாள்.

பிலிம் கழுவுவதில் மச்சாளுக்கு ஒரு சட்டம் இருந்தது, மாமா போட்ட சட்டம். கடைசித் தண்ணீர் மழைத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு பீப்பா ஸ்ரூடியோவின் பின்பக்கத்தில் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் நின்றது. அன்று அவள் இருட்டறைக்குள் இருந்தபடி, 'மச்சாள், பீப்பாவிலை ஒரு வாளி அள்ளி வையுங்கோ' என்றாள். போய்ப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் தண்ணீர்தான் கிடந்தது, அதற்குள் நுளம்புப் புழு நெளிந்தது. நான் பிறந்தது வடக்குக் கடற்கரையில், வள்ளம் ஓட்டிய குடும்பத்தில். எங்கள் ஊர்க் கிணறு உவர். கலியாணமாகி உடுவிலுக்கு வந்த முதல் நாள் இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டபோது சீனி போட்டார்களோ என்று நினைத்தவள் நான். இவ்வளவு நல்ல தண்ணீர் பக்கத்தில் இருக்கப் புழுத் தண்ணீரில் ஏன் கழுவ வேண்டும்? பீப்பாவைக் கவிழ்த்து உரஞ்சிக் கழுவிவிட்டு, கிணற்றில் ஒரு வாளி அள்ளி இருட்டறை வாசலில் வைத்தேன். நல்ல வேலை செய்தேன் என்ற நினைப்பு வேறு.

மறுநாள் மத்தியான வெயிலில் படம் பெருப்பித்தாள். தட்டில் கடதாசி மெல்ல மெல்லக் கறுத்துவர, நட்சத்திரங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே நீளமாய் வளைந்த ஒரு வெள்ளை இறகு. மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். 'கண்டியளோ, இதுதான்' என்றாள். ஒன்பது வருடத்தில் அன்றுதான் என் கணவரின் மூளையை நான் மெச்சினேன். நெகற்றிவை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்திருந்தால் அவளுக்கு உடனே விளங்கியிருக்கும். ஆசை சாய்த்துப் பார்க்க விடவில்லை. படத்தை மடிக்காமல் ஒரு கொப்பிக்குள் வைத்துக் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினோம்.

பங்குனியில் பதில் வந்தது. இறகு நெபுலா இல்லை, கழுவும்போது வந்த கறை என்று எழுதியிருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'அப்பாவின் கையில் ஒருநாளும் கறை வந்ததில்லை' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

மச்சாள் அந்த வரியை இரண்டுதரம் வாசித்தாள். அழவில்லை. 'என்ரை கையிலை கறை வராது. நான் மழைத் தண்ணியிலை கழுவினனான்' என்றாள். பிறகு அலுமாரியைத் திறந்து ஸ்ரூடியோவில் மிஞ்சியிருந்த ஒரே பிலிம் சுருளை எடுத்து மேசையில் வைத்தாள். அது சித்திரையில் நடக்கவிருந்த ஒரு கலியாணத்துக்கு ஒப்புக்கொண்ட பிலிம். 'கலியாண வீட்டுக்கு வேறை ஆளைப் பாக்கச் சொல்லுறன். முழுச் சுருளிலையும் அதே இடத்தை எடுப்பன். அதே இறகு திரும்ப வந்தால் அது கறையில்லைத்தானே. அண்ணை அப்ப என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்.' திருவாதிரை அப்போதே மாலையில் மேற்கே சரியத் தொடங்கியிருந்தது. ஒரு மாதம் போனால் அடுத்த மார்கழிவரை காத்திருக்க வேண்டும்.

நான் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனேன். கேத்திலின் மூடியைத் திறந்தேன். உள்ளே அடியிலும் பக்கத்திலும் வெள்ளையாய்ப் பொருக்கு. கிழமைக்கு ஒருக்கால் நானே கத்தியால் சுரண்டுகிற பொருக்கு. இனிப்பான தண்ணீரும் சுண்ணாம்பை விட்டுப்போகும் என்பது அந்த நிமிடம்தான் என் மண்டைக்குள் ஏறியது. கணக்கு ரீச்சர் என்று பெயர்தான்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். அதை இன்று எழுதவும் வெட்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் அவள் கடைசிப் பிலிமை ஒரு கறையை நிரூபிக்கச் செலவழிப்பாள், இறகு வராது, தகப்பனின் கை தனக்கு இல்லை என்று தானே முடிவுகட்டிவிடுவாள். மூன்றாம் நாள் காலை அவள் ஸ்ரூடியோவைத் திறக்கும்போதே சொன்னேன்.

'மச்சாள், அண்டைக்கு நான் வைச்சது கிணத்துத் தண்ணி. பீப்பாவிலை புழு கிடந்தது.'

அவள் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நேரே உள்ளே போய் நெகற்றிவை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு, 'வீட்டிலை வினாகிரி இருக்கோ?' என்று கேட்டாள்.

தண்ணீர் கலந்த வினாகிரியில் நெகற்றிவை ஊறவிட்டு எடுத்தபோது சுண்ணாம்பு கரைந்து இறகு போய்விட்டது. திரும்பவும் பெருப்பித்தோம். இறகின் அடி இருந்த இடத்தில், இத்தனை நாளும் அதற்குக் கீழே மறைந்து கிடந்த ஒரு மங்கலான வட்டம் தெரிந்தது. நடுவில் கொஞ்சம் பொள்ளல். உழுந்துவடை போல என்று நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. 'உதுவும் கறையோ ஆருக்குத் தெரியும்? ஒரு படத்தை நம்பேலாது. மூண்டு நாள், மூண்டு படம், வேறை வேறையாய்க் கழுவவேணும். மூண்டிலையும் ஒரே இடத்திலை நிண்டால்தான் அது வானத்திலை இருக்கிறது' என்றாள். சுருளில் பாதியைக் கலியாணத்துக்கு ஒதுக்கினாள். மறுபாதி வானத்துக்கு.

கழுவத் தண்ணீர்? பங்குனியில் மழைக்கு எங்கே போவது? அது என் வேலை என்று சொன்னேன். மண்பானையில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து, அதன் முதுகில் ஈரச்சாக்குப் போட்டு, ஆவி குளிர்ந்து வடிவதை ஒரு குழாயால் போத்தலுக்குள் இறக்கினேன். காய்ந்த பனங்கொட்டை ஊமலை எரித்து நாள் முழுக்கக் காய்ச்சினால் ஒரு போத்தல் தேறும். நாலாம் நாள் பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, 'பிள்ளை, கசிப்போ?' என்று மெதுவாகக் கேட்டார். சாராயம் இல்லை, பிலிம் கழுவுகிற தண்ணீர் என்று சொன்னேன். 'ஓம் ஓம்' என்றவரின் முகத்தில் நம்பிக்கையைக் காணவில்லை. மோந்து பார்க்கட்டும் என்று ஒரு போத்தலை நீட்டினேன். அவர் மோந்து பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திருப்பித் தந்தார்.

அமாவாசைக்கு முன்னும் பின்னுமாக நாலு மாலை தோட்டத்துக்குள் நின்றோம். ஒருநாள் முகில். ஒருநாள் பரா லைற் நாலைந்து ஒன்றாக எழும்பி, மூடுவதற்கு முன் பிலிமைக் கெடுத்துவிட்டது. மச்சாள் பலகையை மடித்துத் தோளில் வைத்து நடந்தாள். அடுத்த நாள் மங்கல் நேரத்திலேயே அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நின்றாள். இரண்டு நல்ல படம் தேறியது. என் போத்தல் தண்ணீரில் இரண்டையும் வெவ்வேறு நாளில் கழுவினாள். பழைய நெகற்றிவோடு புதியவை இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பூதக்கண்ணாடியால் பார்த்து, நட்சத்திரத்தின்மேல் நட்சத்திரம் விழும்வரை ஊசி முனையால் நகர்த்தினாள். அதற்கே ஒரு காலை முழுவதும் போனது. எந்தப் படத்தில் இருந்த தூசி என்றாலும் அடுக்கும்போது பலமிழந்துவிடும், மூன்றிலும் இருப்பது மட்டும்தான் ஒன்றுக்கொன்று பலம் சேர்க்கும் என்று எனக்கு விளங்கப்படுத்தினாள்.

இன்று ஜேர்மனியில் என் வீட்டு மேசையில் இருந்துகொண்டு, நான் இங்கே வந்தபின் பிறந்த மகன் இதே வேலையைக் கணினியில் செய்கிறான். நூறு படத்தை ஒரு பொத்தானை அமத்தி அடுக்குகிறான், தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. அதே வட்டம் நிறத்தோடு வருகிறது. வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று மத்தியானம் தட்டுக்குள் கடதாசி கறுத்துவர, அதன் நடுவில் அந்த வட்டம் முன்னைவிடத் தெளிவாக எழுந்தபோது மச்சாள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாளே, அந்த நிலையை நான் இவனிடம் காணவில்லை. தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறிவரச் சாவகச்சேரிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது ஸ்ரூடியோவை அப்படியே விட்டுவிட்டுத்தான் நடந்தோம். நெகற்றிவ் மூன்றையும் மட்டும் அவள் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள்.

வட்டம் தெரிந்த அந்தப் படத்தோடு அனுப்பக் கடிதம் எழுதியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எழுதும் தாளுக்கும் தட்டுப்பாடு. ஒரே தாளில் மேற்பாதியில் அவளும் கீழ்ப்பாதியில் நானும் எழுதுவது வழக்கம். அவள் எழுதி முடித்துத் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, கடையைப் பூட்டப் போனாள். என்னை மாட்டிவிட்டிருப்பாள், அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு வாசித்தேன்.

'அண்ணை, நீங்கள் சொன்னது சரி, இறகு கறைதான். தண்ணியை நான் பார்க்காமல் விட்டது என்ரை பிழை. அப்பாவின்ரை கை எனக்கு இன்னும் வரவில்லை. இதிலை இருக்கிற வட்டம் கறையில்லை. மூன்று நாளும் ஒரே இடத்தில் நின்றது.'

அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்பாவின் கை தனக்கு உண்டென்று காட்டத்தான் அவள் இத்தனை பாடும் பட்டாள். அதையே எனக்காக விட்டுக்கொடுத்து எழுதியிருந்தாள்.

எனக்கு மிஞ்சிய அரைத் தாளில் கணவருக்கு எழுத ஒன்பது வருடத்து மனக்குறை இருந்தது. ஸ்பொன்சர் எப்போது என்று கேட்க இருந்தது. பேனையை எடுத்து ஒன்றே ஒன்றுதான் எழுதினேன்: 'கிணத்துத் தண்ணியை அள்ளி வைச்சது நான். உங்கடை தங்கச்சியின்ரை கையிலை கறை இல்லை.'