கடைசியில் வைத்த கேள்வி

அலுவலகத்தில் அவளுக்குக் கேள்வி அக்கா என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான், ஆனால் ஒட்டிக்கொண்டது. ஜனங்கள் இணையத்தில் தேடுகிற எந்தச் சொல்லை யார் கொண்டுவந்து நீட்டினாலும், "இதைத் தேடுறவங்களுக்கு உண்மையில என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட, "டீ வேணுமா, இல்ல புலம்ப ஆள் வேணுமா?" என்பாள். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இந்தப் புத்தி அவளுக்குப் படித்து வந்ததில்லை. முன்பு ஒரு தொலைபேசிப் புகார் மையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தவள். "ஏம்மா, என் ஃபோனுக்கு லைனே வரல" என்று ஒருவர் தினமும் கத்துவார். லைன் நன்றாகத்தான் இருக்கும். மகன் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். சொல்வது ஒன்று, வேண்டியது வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டு அங்கிருந்து கிளம்பினாள்.

இப்போது அவள் வேலை, கம்பெனிகளின் வெப்சைட்டில் எந்தப் பக்கத்தில் எதை எழுத வேண்டும், எதை முதலில் சொல்ல வேண்டும் என்று திட்டம் போடுவது. ஒரே சொல்லைப் பக்கம் முழுக்கத் திணித்தால் தேடுபொறி மயங்கி விழுந்த காலம் ஒன்று இருந்தது. அது மலையேறிவிட்டது. இப்போது தேடுபொறி சொல்லைப் பார்ப்பதில்லை, சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பார்க்கிறது. "குழாய் அடைப்பு" என்று மூன்று பேர் தட்டுகிறார்கள். ஒருவருக்கு அடைப்பு ஏன் வருகிறது என்று தெரிய வேண்டும். இன்னொருவருக்கு அடைப்பைக் கரைக்கும் மருந்து வாங்க வேண்டும். மூன்றாமவருக்குக் கணுக்கால் வரை தண்ணீர் ஏறிவிட்டது. மூவருக்கும் ஒரே பக்கத்தைக் காட்டினால் மூவருமே திட்டிவிட்டுப் போவார்கள். அதனால் கேள்விகளைச் சின்னச் சின்னத் தாளில் எழுதி, தெரிந்துகொள்ள வந்தவர், வாங்க வந்தவர், அவசரத்தில் வந்தவர் என்று சுவரில் பிரித்து ஒட்டுவாள். அவசரத்தில் வந்தவருக்கு முன்னுரை கூடாது என்பது அவள் சட்டம்.

அந்தச் சட்டத்தை அவளே ஒரு தடவை மீறினாள்.

குழாய் அடைப்பை நீக்கும் திரவம் விற்கிற ஒரு கம்பெனிக்கு அவள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்து வந்து போகும் விற்பனை அதிகாரிக்கு நுரை சார் என்று பெயர். கம்பெனி சோப்பும் விற்கிறது என்பதால் மட்டுமல்ல, பேச ஆரம்பித்தால் பொங்கிவிடுவார். ஒட்டிய தாள்களில் ஒன்று அவர் கண்ணில் பட்டது. "குழந்தை அடைப்பு மருந்து குடிச்சா என்ன செய்யணும்" என்று யாரோ தேடியிருந்த கேள்வி அது. அதற்குத் தனிப் பக்கம் வேண்டும், முதல் வரியிலேயே பதில் வேண்டும் என்றாள் கேள்வி அக்கா.

"நல்லா இருக்கும்மா நீ சொல்றது. எங்க பொருள் பேருக்குப் பக்கத்துல விஷம்னு ஒரு வார்த்தை வந்தா நாளைக்கு எவன் வாங்குவான்?" என்றார் நுரை சார்.

இரண்டு நாள் இழுத்தது. மேனேஜர் இரண்டு பக்கமும் தலையாட்டிப் பார்த்துவிட்டுப் பூசி மெழுகினார். தனிப் பக்கம் வேண்டாம். "எப்படிப் பயன்படுத்துவது" என்ற பக்கத்தின் அடியில், கடைசிக் கேள்வியாக, தொட்டால்தான் விரிகிற மாதிரி வைத்துவிடலாம். பதிலை ஒரு டாக்டரிடம் கேட்டுச் சரிபார்த்து எழுதியவள் அவளேதான். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வயிற்றைச் சுட்ட திரவம் திரும்பி வரும்போது தொண்டையையும் சுடும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று. எழுதிவிட்டு அதைக் கொண்டுபோய் அடியில் வைக்க "சரி சார்" என்று சொன்னவளும் அவளேதான். அந்த "சரி" அவளுக்கு அன்றிலிருந்து மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது.

அந்தத் தளத்தில் பொருள் தேட ஒரு பெட்டி உண்டு. ஜனங்கள் அதை ஆள் என்று நினைத்துக்கொண்டு பேசுவார்கள். "அண்ணா தண்ணி போகவே மாட்டேங்குது" என்று தட்டுவார்கள். "நேத்து சொன்னீங்களே அது சரியாயிடுச்சு, நன்றி" என்றுகூட ஒருவர் தட்டியிருந்தார். எல்லோருக்கும் பெட்டி ஒரே பதில்தான் சொல்லும்: "மன்னிக்கவும், நீங்கள் தேடிய பொருள் எங்களிடம் இல்லை." காலையில் வந்ததும் அந்த வரிகளைப் படித்துச் சிரிப்பது அவள் வழக்கம். சிரித்தபடியே புதிய தாள்களில் எழுதிக்கொள்வாள்.

பயன்படுத்தும் முறை சொல்லும் அந்தப் பக்கம் தேடலில் முதல் இடத்துக்கு வந்த வாரம் நுரை சார் மீட்டிங் போடச் சொன்னார். முகமெல்லாம் வெளிச்சம். தளத்தில் இந்த நிமிடம் யார் இருக்கிறார்கள், எந்தப் பக்கத்தில், எவ்வளவு நேரம், பெட்டியில் என்ன தட்டுகிறார்கள் என்று காட்டும் திரையை மேனேஜர் சுவரில் விழவைத்திருந்தார்.

"இந்த ஒருத்தரைப் பாருங்க. நாலு நிமிஷமா நம்ம பக்கத்துலயே இருக்காரு. அப்படி ரசிச்சுப் படிக்கிறாரு" என்றார் நுரை சார்.

மேனேஜரும் சிரித்தார். கேள்வி அக்கா சிரிக்கவில்லை. அந்த ஆள் பக்கத்தில் எங்கே இருக்கிறார் என்று காட்டும் சின்னக் கோடு கீழே போனது, மேலே வந்தது, மறுபடி கீழே பாதி வரை போய்த் திரும்பியது. படிக்கிறவர் இப்படி ஓடமாட்டார். எதையோ தொலைத்தவர்தான் இப்படி ஓடுவார்.

பெட்டியில் ஒரு வரி வந்தது. "குழந்தை குடிச்சிருச்சு."

கீழே பெட்டியின் பதில். நீங்கள் தேடிய பொருள் எங்களிடம் இல்லை.

அவள் சுவரைக் காட்டினாள். "சார், அது படிக்கிற ஆள் இல்ல. பதில் கிடைக்காம தவிக்கிற ஆள்" என்றாள்.

"யாராவது போட்டிக் கம்பெனிக்காரன் சோதிச்சுப் பார்க்கிறானோ என்னமோ" என்றார் நுரை சார். சொல்லும்போதே குரலில் நுரை இல்லை.

"இவங்க நம்பர் கிடைக்குமா?" என்றார் மேனேஜர்.

எங்கே கிடைக்கும். பெயர் இல்லை, முகவரி இல்லை, எந்த வீடு என்று தெரியாது. சுவரில் ஒரு கோடும் இரண்டு சொல்லும்தான் அந்த வீடு. அடுத்த வரி வந்தது. "வாந்தி எடுக்க வைக்க உப்பு தண்ணி எவ்ளோ குடுக்கணும்."

பதில் அதே பக்கத்தில், அவர்கள் விரலுக்குக் கீழே, மூடிக் கிடந்தது. பதறுகிற கண்ணுக்கு அது தெரியவில்லை. எப்படித் தெரியும், தெரியக் கூடாது என்றுதானே வைத்தது.

"மேல ஓடுதே ஆஃபர் பட்டை, அதை மாத்துறேன்" என்றாள் அவள். எந்தப் பக்கம் திறந்தாலும் தலைமேல் ஓடுகிற பட்டை அது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஓடிக்கொண்டிருந்தது. தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் அதை யாரும் தொடக் கூடாது.

"இரும்மா, நான் ஃபோன் பண்ணிக் கேட்டுடுறேன்" என்று நுரை சார் போனை எடுத்தார். மறுமுனையில் மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அவள் லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள்.

முதலில் எழுதியது பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. பட்டையில் இடமும் போதவில்லை. உப்புத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நிற்கிற ஆளுக்கு எத்தனை சொல் ஏறும்? அழித்தாள். அந்த ஆள் தட்டிய பாஷையிலேயே எழுதினாள். "குழந்தை குடிச்சிருச்சா? வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி வேணாம். பாட்டிலோட உடனே ஆஸ்பத்திரி."

"அக்கா, யோசிச்சுக்கோங்க" என்றார் மேனேஜர்.

"அவங்களுக்கு யோசிக்க நேரமில்ல சார்" என்று சொல்லிவிட்டு அழுத்தினாள்.

அழுத்தினால் மட்டும் போதாது என்பதுதான் கொடுமை. அந்த ஆள் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் பக்கத்தில் பழைய பட்டைதான் இருக்கும். பெட்டியில் இன்னொரு தடவை எதையாவது தட்டினால்தான் புதியது கண்ணில் படும். சுவரில் கோடு அசையாமல் நின்றது. அந்த வீட்டில் போனைக் கீழே வைத்துவிட்டார்களோ. டம்ளர் குழந்தையின் வாய்க்குப் போய்விட்டதோ. "தட்டுங்க, இன்னொரு தடவை தட்டுங்க" என்று அவள் வாய்விட்டே கெஞ்சினாள். எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. யார் மேல் எரிச்சல் என்று அவளுக்குத் தெரியும்.

நுரை சார் காதில் போனை வைத்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது.

வரி வந்தது. "உப்பு தண்ணி குடுக்கலாமா சீக்கிரம்."

"பார்த்துட்டாங்க. இப்பப் பார்த்திருப்பாங்க" என்றார் மேனேஜர். பார்ப்பது வேறு, நம்புவது வேறு. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஓடிய இடத்தில் உயிர் காக்கும் சேதி ஓடினால் யார் நம்புவார்கள்?

நெடுநேரம் ஒன்றும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தால் அது நெடுநேரமே இல்லை. பிறகு ஒரு வரி. "குடுக்கல. வண்டி வந்துருச்சு. பாட்டில் எடுத்துட்டோம்."

நீங்கள் தேடிய பொருள் எங்களிடம் இல்லை என்றது பெட்டி.

கோடு மறைந்தது. கேள்வி அக்கா மேஜைமேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகம் போனை எடுத்தது. பட்டையை மாற்றியது யார் என்ற கேள்வி அறை முழுக்கக் கேட்டது. நுரை சார் அவளைப் பார்த்தார். அவளே கையை நீட்டிப் போனை வாங்கி, "நான்தான் மாத்துனேன்" என்றாள்.

அன்று மாலைக்குள் பட்டை பழையபடி இலவசத்துக்குத் திரும்பியது. அந்தக் கம்பெனி வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தவளுக்கு மெத்தை விற்கிற கம்பெனி கிடைத்தது. "மெத்தையை யாரும் குடிக்க மாட்டாங்க" என்றார் மேனேஜர், ஆறுதல் சொல்கிறாராம். அதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. அந்தத் திரையின் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டார்கள், அதுதான் வலித்தது. அந்த வீட்டார் திரும்பி வந்து பெட்டியில் ஒரு வார்த்தை தட்டியிருக்கலாம். தட்டியிருந்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

சில வாரம் கழித்து அவள் வீட்டுச் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் ஒரு கம்பியோடு கீழே படுத்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் அடைப்பு எடுக்கக் கத்துக்குடுத்த, நம்ம வீட்டுக்கு ஒரு பாட்டில் வாங்கிட்டு வரட்டுமா?" என்றான்.

"வேணாம். கம்பியிலயே எடுங்க" என்றாள்.

அவள் சொன்ன விதத்தில் அவன் மேற்கொண்டு கிண்டல் பண்ணவில்லை. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். இத்தனை நாள் பயந்து செய்யாததைச் செய்தாள். யாரோ போலத் தேடுபொறியில் தட்டினாள். குழந்தை அடைப்பு மருந்து குடிச்சா.

அதே பக்கம்தான் முதலில் வந்தது. தலைமேல் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். அதற்குக் கீழே, படத்துக்கும் விலைக்கும் முன்னால், பெரிய எழுத்தில் முதல் வரி: குழந்தை குடிச்சிருச்சா? வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி வேணாம். பாட்டிலோட உடனே ஆஸ்பத்திரி.

ஒரு சொல்கூட மாறவில்லை. அன்று அவள் அவசரத்தில் எழுதிய அதே பேச்சு. அடி வரை போய்ப் பார்த்தாள். கடைசிக் கேள்வி அங்கே இல்லை. அந்தப் பக்கத்தைத் தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கட்டி மாற்றக்கூடிய ஆள் ஒருவர்தான். நுரை சார் அவளுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

தொட்டிக்குக் கீழேயிருந்து, "வந்துருச்சு, தண்ணியைத் திறந்து விடு" என்று கணவன் குரல் கொடுத்தான். அவள் அசையவில்லை. பக்கத்தின் ஓரத்தில் அந்தப் பெட்டி இருந்தது. எழுதுகிறவர்களைப் பார்த்துத் தான் சிரித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. பெட்டிக்கு மறுமுனையில் யாராவது உட்கார்ந்து படிப்பார்கள் என்று அவளுக்கு மட்டும்தானே தெரியும். பெட்டியைத் தொட்டு மெதுவாகத் தட்டினாள்.

"அந்தக் குழந்தை இப்ப எப்படி இருக்கு?"

மன்னிக்கவும், நீங்கள் தேடிய பொருள் எங்களிடம் இல்லை என்று வந்தது. அவள் போனை மூடாமல் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே போய்க் குழாயைத் திறந்தாள்.