ஆமணக்குக்கு இரங்கியவள்

பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் இருபது வருடமாகப் பட்டன் வைப்பதால் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டீச்சர். சர்ச்சின் பின்னறையில் பன்னிரண்டு வாண்டுகளுக்கு வேதபாடக் கதை சொல்வாள். வாண்டுகள் கொட்டாவி விடும். அவளும் சளைக்காமல் சொல்வாள்.

இந்த வாரம் யோனா கதை. பட்டன் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. யோனாவை விழுங்கிய மீனைப் பற்றி எல்லோரும்தான் சொல்கிறார்கள், கடைசியில் வரும் ஆமணக்குச் செடியை யார் சொல்கிறார்கள்? நிழல் தந்த செடி வாடியதும் யோனா கிடந்து புலம்புகிறான். ஒரு ஊரே அழியாமல் தப்பியதற்கோ முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறான். செடிக்காக நீ இப்படி உருகினால், இத்தனை ஜனங்களுக்காக நான் இரங்கக் கூடாதா என்கிறார் கடவுள். இதைக் கண்ணெதிரே காட்டிவிட்டால்? இரண்டு மாதம் முன்பே பெயிண்ட் வாளியில் விதை போட்டாள். செடி கிடுகிடுவென்று தோள் உயரம் வளர்ந்தது. புதன்கிழமையோடு தண்ணீரை நிறுத்தினால் ஞாயிற்றுக்கிழமை கச்சிதமாக வாடிவிடும்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரம்மா சேதி கொண்டுவந்தாள். பட்டன் அக்காவின் தங்கை ஊரை விட்டே போகிறாளாம், ஞாயிறு காலை பத்து மணிக்கு பஸ், அதற்குள் அக்காவை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். அம்மா படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் எட்டிப் பார்க்காதவள் அவள். ஐந்து வருடமாகப் பேச்சு இல்லை. எனக்குத் தங்கையே கிடையாது என்று சொல்லியனுப்பிவிட்டாள் பட்டன் அக்கா.

சனிக்கிழமை விடிந்ததும் பார்த்தால் இலையெல்லாம் துவண்டு தொங்கின. அவளுக்கு நெஞ்சு பதறிவிட்டது. பாடமாவது மண்ணாவது என்று இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.

ஞாயிறன்று செடி புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. கதையைச் சொல்லி முடித்து, அசடு வழிய உண்மையை ஒத்துக்கொண்டாள்.

"வாட விட்டுக் காட்டலாம்னுதான் இருந்தேன். பாக்கப் பாவமா இருந்துச்சு, மனசு கேக்கல."

"அப்போ நீங்களும் யோனாதான் டீச்சர்" என்றாள் முன்வரிசைச் சிறுமி.

வகுப்பே சிரித்தது. பட்டன் அக்காவும் சிரிக்க வாயைத் திறந்தாள், சிரிப்பு வரவில்லை. மணி ஒன்பதே முக்கால்.

பிள்ளைகளைப் பாடச் சொல்லிவிட்டு ஓடினாள். அப்படி ஓடி எத்தனையோ காலம் ஆயிற்று. வழியில் செருப்பு அறுந்தது, அதை அங்கேயே உதறினாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் தங்கை. அக்காவைக் கண்டதும் அவள் முகம் வெளிறியது. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்திருப்பாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள் பட்டன் அக்கா. ஐந்து வருடமாகச் சேர்த்துவைத்த கேள்விகளில் ஒன்றுகூட நாக்கில் வரவில்லை.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணுடி" என்றாள். "நான் எடுப்பேன்."