குந்துநாதன் கம்ப்யூட்டர்

இளமதி பதினோரு வருடமாக தேவிகாபுரத்திலிருந்து பஸ் ஏறி ஆரணிப் பட்டுக்கடைக்கு வேலைக்கு வருகிறாள். இணையத்தில் விற்கும் சேலைகளின் எக்ஸெல் பட்டியலைத் தினமும் புதுப்பிப்பது அவள் பொறுப்பு. இரண்டு வருடமாக அது புதுப்பிக்கப்படவில்லை.

காரணம் அவளுக்கு முதல் நாளே தெரியும். முதலாளி ஜினகுமாரும் தம்பி குந்துநாதனும் பாகம் பிரித்தபோது, சேலை விவரமெல்லாம் இருந்த, தம்பி பெயரே வைத்திருந்த கம்ப்யூட்டர் அவன் பங்குக்குப் போய்விட்டது. பட்டியல் விவரம் எடுப்பது அதிலிருந்துதான். பாகம் பிரித்த கதை எக்ஸெலுக்கு எங்கே தெரியும்? தினமும் காலையில் அங்கேயே போய்த் தேடிவிட்டு, குந்துநாதன் கம்ப்யூட்டரில் கோப்பு கிடைக்கவில்லை என்று திரையில் காட்டும். தம்பி கடை எதிர்வரிசையில்தான்.

"அஞ்சு நிமிஷம் போதுங்க. பென்டிரைவ்ல காப்பி எடுத்துகினு வந்துட்றேன்" என்று அப்போதே முதலாளியிடம் கேட்டாள்.

"அவன் வாசப்படிய மிதிச்சன்னா அங்கயே வேலைக்கு நின்னுக்கோ."

என்றோ விற்றுப்போன சேலைகளைப் பழைய பட்டியலில் பார்த்துக் கேட்கிறவர்களிடம் நாள் முழுக்கப் போனில் மன்னிப்புக் கேட்பதே அவள் வேலையாகிப்போனது.

நேற்று வாடிக்கையாளர் எதிரிலேயே தம்பி பெயர் திரையில் வந்து நின்றது. முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்தப் பேரு இனிமே இங்க வரக்கூடாது. சரி பண்ணு."

எச்சரிக்கை காட்டாதபடி இளமதி எக்ஸெல் அமைப்பில் ஒரு டிக் குறியை எடுத்துவிட்டாள். இன்று கோப்பு சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே அதே பழைய சேலைகள்.

"இத அன்னிக்கே பண்ணியிருந்தா இவ்ளோ பேஜார் இல்ல பாரு" என்றார் முதலாளி.

போன் அடித்தது. மாம்பழக் கலர் சேலை இருக்கிறதா என்றார்கள்.