திரும்பி வாங்காத அச்சாரம்

இந்த ஊரில் வெயில் வீட்டுக்கு வடக்குப் பக்கம் விழுகிறது. மெல்போர்னுக்கு வந்த புதிதில் மிளகாயைத் தெற்குப் பக்கத் தரையில் துணி விரித்துப் பரப்பினேன். சாயங்காலம் போய்த் தொட்டால் ஈரம். மறுநாளும் ஈரம். வெயில் அடிக்காமல் இல்லை, கண் கூசுகிற மாதிரி அடிக்கிறது. ஆனால் என் மிளகாய் மேல் மட்டும் வீட்டு நிழல். மருமகன் பிரகாஷ் பார்த்துவிட்டு, "அத்தை, இங்க சூரியன் வடக்கால சாஞ்சு போவும். அந்தப் பக்கம் போடுங்க" என்றார். வயற்காட்டில் நிழலைப் பார்த்தே நேரம் சொன்னவள் நான். எனக்குத் திசை சொல்லித்தர இவர் யார் என்று இருந்தது. மூன்றாம் நாள் யாரும் பார்க்காதபோது துணியை இழுத்து வடக்கே போட்டேன். காய்ந்துவிட்டது. இப்போது வருஷங்கள் ஆகிவிட்டன, இன்னும் என் கை முதலில் தெற்குப் பக்கம்தான் போகிறது.

நான் பாகலூர்ப் பக்கத்துக்காரி. ஓசூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போனால் கர்நாடகா எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஊர். தக்காளிக் காடும், அதைத் தாண்டினால் கம்பெனிச் சுவருமாக இருக்கும். நான் எழுத்துக் கற்றது முதியோர் வகுப்பில், கவிதாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். கவிதா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறாள். தப்பு இருந்தால் திருத்து, சொல்லை மாற்றாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போலப் பிள்ளைகளின் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. விமான டிக்கெட் ஒன்றைப் பற்றிய விஷயம் இது.

கவிதா இங்கே நர்ஸ் வேலைக்கு வந்தவள். அவளுக்குப் பிரசவம் என்று நான் வந்தேன். டிக்கெட்டை மாப்பிள்ளை எடுக்கிறேன் என்றார். எங்கள் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பொண்ணு கொடுத்த வீட்டுக் காசில் பெண்சாதியை அனுப்பினால் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்றார். ஏர் மாடு ஒரு ஜோடி இருந்தது. உழுவதற்கு டிராக்டர் வந்த பிறகும் அவருக்கு விற்க மனசு வராமல் வைத்திருந்த மாடுகள். அதுகளைக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஓட்டிப் போனார். அங்கே விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டைக் கைமேல் போட்டு, அதற்குள் தரகர் விரலைப் பிடித்துப் பேசுவார். அன்றைக்கு அவர் துண்டுக்குள் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வெறும் கயிற்றோடு வீட்டுக்கு வந்து, பணத்தைப் பேங்கில் போட்டு, பேங்க் கார்டு நம்பரை போனில் கவிதாவுக்குப் படித்துக் காட்டினார். போக ஒன்று, வர ஒன்று, இரண்டும் சேர்த்து எடுத்த டிக்கெட். "வர்றதுக்கும் சேத்துப் போட்டியா?" என்று அவளிடம் மூன்று தடவை கேட்டார்.

குழந்தை பிறந்தது. நான் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியபோது கொரோனா என்று எல்லாவற்றையும் மூடினார்கள். விமானம் இல்லை என்று விமானக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. இரண்டு வழி சொல்லியிருந்தார்கள். பணமாகத் திரும்பி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். இல்லையென்றால் அந்தப் பணத்தை கிரெடிட்டாக என் பேரில் வைத்திருப்பார்கள், விமானம் ஓடும்போது அதை வைத்து வேறு டிக்கெட் போட்டுக்கொள்ளலாம். கிரெடிட் எடுத்தால் கொஞ்சம் மேலே போட்டும் தருவார்களாம். கவிதாவுக்கு இரண்டு மனசு. "அப்பாவக் கேளு, அவர் காசு" என்றேன்.

அவர் போனில் வெகு நேரம் யோசித்தார். பிறகு சந்தைக் கணக்கைச் சொன்னார். எங்கள் பக்கம் சினை மாட்டுக்காரனிடம் கன்றுக்கு முன்கூட்டியே அச்சாரம் கொடுத்து வைப்போம். கன்று தங்காமல் போய்விட்டால் அவன் அச்சாரத்தைத் திருப்பித் தருவான். கையை நீட்டி வாங்கிக்கொண்டால் பேச்சு அத்தோடு முடிந்தது, அவன் யாரோ நாம் யாரோ. வாங்காமல், இருக்கட்டும் என்று விட்டுவிட்டால் அடுத்த கன்று நமக்குத்தான். எத்தனை பேர் கூடுதலாகக் கேட்டாலும் அவன் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் சந்தையில் அவனை யாரும் மதிக்க மாட்டார்கள்.

"இந்தா பாரு ராஜம்மா," என்றார், "காச வாங்கிட்டா நீ வரலன்னு அர்த்தம். அவன்கிட்டயே இருக்கட்டும். அச்சாரம் இருக்கிற வரைக்கும் அவன் நமக்குக் கட்டுப்பட்டவன். மொத வண்டி கெளம்புறப்ப உன்னத்தான் ஏத்தணும்."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. கவிதா மட்டும், "அப்பா, இது மாடு இல்ல" என்றாள். "எதுவா இருந்தா இன்னா? கை நீட்டிக் காசு வாங்கினவன்தான அவன்?" என்றார் அவர். கிரெடிட் என்று எழுதிய இடத்தில் கவிதா கையை வைத்து அமுக்கினாள். அந்த முதல் வண்டிக்காக நான் தினமும் காத்திருந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு கிரேக்கத்துக் கிழவி. என் வயசுதான் இருக்கும், எப்போதும் கறுப்பு உடை. புருஷன் போனதிலிருந்து கறுப்புதான் கட்டுவாளாம், அவர்கள் ஊர் வழக்கம். அவளுக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்குச் சுத்தமாக வராது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கையால் பேசுவோம். ஒரு நாள் என் தாலியைக் காட்டி, ஆள் எங்கே என்பது போலக் கையை விரித்தாள். வருவதற்கு விமானம் இல்லை, அதனால் அவர் அங்கே நான் இங்கே என்று சொல்வதற்காக வானத்தைக் காட்டிக் கையை ஆட்டினேன். அவள் முகம் மாறியது. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். சாயங்காலம் ஒரு தட்டில் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவிக் கொண்டுவந்து கொடுத்தாள். கவிதாதான் விசாரித்துச் சொன்னாள், அது செத்தவர்களுக்காக அவர்கள் செய்கிற பண்டமாம். நான் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போய் அவருக்கு போன் போட்டேன். எடுத்தார். "பால் கறந்துட்டிருக்கேன், இன்னா அவசரம்?" என்றார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். கிழவியிடம் அப்புறம் கவிதா விளக்கம் சொன்னாள். கிழவி அழுதுவிட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கோதுமையைச் சாப்பிட முடியவில்லை.

ஒரு வருஷம் கழிந்தது. இரண்டாவது அலை என்று சொன்னார்களே, அதில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் வீட்டிலேயே கஷாயம் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு அவர் தம்பி கிருஷ்ணப்பன்தான் ஓசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அந்தச் சமயம் இங்கிருந்து எப்போதாவது ஒரு விமானம் இந்தியாவுக்குக் கிளம்பும், அரசாங்க ஏற்பாட்டில், வேறு கம்பெனியின் விமானம். இடம் ஒன்று கிடைக்கும் போலிருந்தது. ரொக்கமாக முழுப் பணம் கட்ட வேண்டும், அதுவும் பழைய விலையைப் போலப் பல மடங்கு. மாப்பிள்ளைக்கு ஓட்டல் வேலை போய்விட்டிருந்தது. அரசாங்கம் கொடுத்த உதவிப் பணம் இந்த நாட்டுக்காரர்களுக்குத்தான், எங்களுக்கு இல்லை. கவிதாவின் சம்பளத்தில் வாடகையும் குழந்தைக்குப் பாலும். தெரிந்தவர்களிடம் கேட்டால் அவர்கள் வீட்டிலும் அதே கதை. கடைசியில் அந்தக் கிரெடிட்டைப் பணமாக்கினால் பாதியாவது தேறும் என்று கம்பெனிக்கு போன் போட்டோம்.

பாட்டுப் போட்டுக் காக்க வைத்த பிறகு ஒரு பெண் வந்தாள். நல்ல குரல். கவிதா இங்கிலீஷில் சொல்வதும், அவள் சொல்வதை என்னிடம் தமிழில் சொல்வதுமாக இருந்தாள்.

"கிரெடிட் பத்திரமா இருக்குதாம். கவலப்பட வேணாமாம்."

"பத்திரமா இருக்கட்டும். எங்கிட்ட இல்லியே. எடுத்துத் தரச் சொல்லு."

கவிதா கேட்டாள். "நாமதான் கிரெடிட் வேணும்னு எடுத்தோமாம். எடுத்தப்புறம் பணமாத் தர முடியாதாம்."

"சரி, அப்ப அச்சாரம் அவுங்ககிட்டதான இருக்குது? அவுங்க வண்டி இல்லன்னா வேற ஆளு வண்டியில ஏத்திவுடறது அவுங்க பொறுப்பு. அதக் கேளு."

கவிதா என்னைப் பார்த்தாள். அதை எப்படி இங்கிலீஷில் சொன்னாளோ தெரியாது.  அந்தப் பெண் மெதுவாக ஏதோ சொன்னாள்.

"அவுங்க விமானத்துக்கு மட்டும்தான் செல்லுமாம். விமானம் விட்டதும் மெயில் அனுப்புவாங்களாம். அப்பா சீக்கிரம் குணமாகணும்னு வேண்டிக்கிறாங்களாம்."

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். மாடு விற்கிறவன் சந்தையில் எதிரே நிற்பான், சட்டையைப் பிடிக்கலாம். இங்கே யார் நிற்கிறார்கள்? எங்கேயோ கூலிக்கு உட்கார்ந்து என் பேச்சைக் கேட்கிற ஒரு பெண்பிள்ளை.

அந்த இடம் வேறு யாருக்கோ போனது. அதற்கு நான்காம் நாள் காலையில் நான் குழந்தையின் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தபோது கிருஷ்ணப்பன் போன் செய்தான். சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவன் அழுகிற சத்தம் எனக்குத் தெரியும். உடம்பை மூட்டையாகக் கட்டி, வண்டியிலேயே மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கிருஷ்ணப்பன் தூரத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான். வெள்ளை உடுப்புப் போட்ட நாலு பேரும் ஒரு புகையும் தெரிந்தது. எது அவர் என்று தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் ஆறுதலாகத்தான் சொன்னான். "இங்க இருந்திருந்தாலும் நீங்க பாத்திருக்க முடியாது அண்ணி. எங்கள யாரையும் கிட்ட விடல."

"ஆஸ்பத்திரி வாசல்ல நின்னிருப்பன்" என்றேன். 

காரியம் முடிந்த அன்று நாத்தனார் போனில் வந்தாள். "சாமி கும்புட்டுட்டு தாலிய நீயே கழட்டி வெச்சிரு. வளையலயும் எடுத்துரு. கூட நாலு பொம்பளைங்க இல்லாம இத செய்யக் கூடாதுதான், இன்னா பண்றது, காலம் அப்பிடி" என்றாள். அவள் சொன்னது சரி. எங்கள் ஊரில் அதை ஒருத்தி தானாகச் செய்துகொள்வதில்லை. சுற்றி நின்று, அழுது, பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் செய்வார்கள். செய்த பிறகுதான் அவன் செத்தான் என்று அவளுக்கே உறைக்கும். இங்கே சமையலறையில் தனியாக நின்று நான் எப்படிக் கழற்றுவது? கழற்றவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் கணக்கில் நான் கழற்றியாகிவிட்டது. இங்கே கடைக்குப் போனால் எதிரே வருகிற நம் ஆட்கள் பொட்டைப் பார்த்து, வீட்டுக்காரர் ஊரிலயா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். பொய் இல்லை அது.

விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. சொன்ன மாதிரியே கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. கிரெடிட்டை வைத்து டிக்கெட் போடலாம், அதற்கு ஒரு கெடுவும் உண்டு. கவிதா படித்துக் காட்டினாள். குழந்தை கொஞ்சம் பெரிதாகட்டும் என்றேன். கெடுவைத் தள்ளிப் போட்டார்கள். குளிர் போகட்டும் என்றேன். மறுபடி தள்ளிப் போட்டார்கள். போனால் பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்திலேயே நாத்தனாரும் மற்றவர்களும் என் கழுத்தைப் பார்ப்பார்கள். பிடித்து உட்கார வைத்து மிச்சத்தை முடிப்பார்கள். அது அவர்கள் கடமை, நானே எத்தனை பேருக்குப் பக்கத்தில் நின்று செய்திருக்கிறேன். பயம் என்று சொல்ல மாட்டேன். நான் போன் செய்தால் அவர் எடுப்பார் என்கிற ஊர் ஒன்று எனக்குள் இருக்கிறது. பாகலூரில் இறங்கினால் அது போய்விடும்.

போன மாதம் கம்பெனி வேறு மாதிரி மெயில் அனுப்பியது. பல பேர் சண்டை போட்டிருப்பார்கள் போல. இனிமேல் கிரெடிட் வைத்திருப்பவர்கள் கேட்டால் பணமாகவே தருகிறார்களாம்.

"டிக்கெட் போட்டுரட்டுமா, காசா வாங்கிரட்டுமா?" என்று கவிதா கேட்டாள். "இந்த தடவ நீதான் சொல்லணும்மா."

காசை வாங்கிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவளுக்கும் அது தெரியும், அதனால்தான் என்னைக் கேட்டாள். நான் குழந்தைக்குத் தலை வாரி முடித்தேன். பிறகு, "வாங்கிரு" என்றேன்.

பணம் என் கைக்கு வரவில்லை. எந்தக் கணக்கிலிருந்து கட்டினோமோ அதற்குத்தான் திரும்பிப் போகுமாம். கிருஷ்ணப்பன் கூப்பிட்டான். அவருடைய போனை இத்தனை நாளும் பணம் போட்டு உயிரோடு வைத்திருக்கிறான், பால்காரர்கள் அந்த நம்பருக்குத்தான் பேசுவார்கள் என்று.

"அண்ணி, அண்ணன் போனுக்கு பேங்க்லேந்து மெசேஜ் வந்திருக்குது. பெரிய தொகையா போட்டுக்கீறாங்க. பேங்க்ல கேட்டேன். நீங்க வந்து, அண்ணன் தவறிட்டாருன்னு எழுதிக் கையெழுத்து போட்டாத்தான் எடுக்க முடியுமாம். வேற யார் போட்டாலும் செல்லாதாம்."

மாடு விற்ற காசு. என்னைப் போக வரச் சுமக்க வேண்டிய காசு. அது எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே அவர் உயிரோடு இருக்கிற மாதிரி அவர் பேரில் கிடக்கிறது. இங்கே அவர் உயிரோடு இருக்கிற மாதிரி நான் கிடக்கிறேன்.

"இருக்கட்டும் கிருஷ்ணப்பா, வரன்" என்றேன்.

எப்போது என்று அவன் கேட்கவில்லை.